பந்தல் உயரம்

சோணையம்மாளைத் தலைவராக்கியது மந்தைக்குளத்துப் பெரிய மனிதர்கள் செய்த பிழை. இதை நான் சொல்லவில்லை. அவர்களே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து இன்றுவரை சொல்லிச் சொல்லி மாய்ந்துபோகிறார்கள். ஆனால் பிழை எந்த இடத்தில் நடந்தது என்பது மட்டும் அவர்களுக்குப் பிடிபடவே இல்லை.

அந்த முறை ஊராட்சித் தலைவர் பதவி பட்டியல் இனப் பெண்ணுக்கு என்று ஒதுக்கீடாகி வந்தது. செய்தி வந்த அன்று ஊருக்குள் இழவு விழுந்த வீடு மாதிரி இருந்தது. தலைமுறை தலைமுறையாகத் தங்கள் வீட்டுத் திண்டில் சாய்ந்திருந்த பதவி காலனிக்குப் போகிறதே என்று சிலருக்குச் சோறு இறங்கவில்லை. ஈஸ்வரபாண்டிதான் தெம்பு சொன்னார். ஊரில் பெரிய திராட்சைத் தோட்டம் அவருடையது.

"எதுக்கு மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கீக? வாயில்லாப் பூச்சியாப் பாத்து ஒண்ண நிப்பாட்டுவோம். கையெழுத்த அவ போடட்டும், காரியத்த நாம பாப்போம். நான் துணைத்தலைவரா இருந்துக்கிறேன்."

வாயில்லாப் பூச்சி யார் என்று யோசித்து, தன் தோட்டத்தில் வேலை செய்யும் பெண்களை ஒவ்வொருத்தியாக நினைத்துப் பார்த்தார். சோணையம்மாளிடம் வந்ததும் நின்றுவிட்டார்.

திராட்சைப் பந்தலைப் பற்றி இந்த இடத்தில் சொல்லிவிட வேண்டும். கல்தூண் நட்டு, மேலே கம்பி பின்னி, அதில்தான் கொடியை ஏற்றுவார்கள். ஈஸ்வரபாண்டியின் அப்பா குள்ளமான மனிதர். தூண் நடும்போது தன் தலைக்கு மேல் ஒரு சாண் விட்டு, போதும் என்று கட்டிவிட்டார். மற்ற பெண்கள் அதற்குள் நேராக நடந்தார்கள். சோணையம்மாள் காலனியிலேயே உயரம், ஆண்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். கல்யாணமாகி வந்த வருசத்திலிருந்து அந்தப் பந்தலுக்குள் கவாத்து வெட்டி, கொடி கட்டி, பழம் பறித்து அவள் முதுகுக்குக் குனிவே பழக்கமாகிவிட்டது. வெளியே வந்தாலும் அப்படியேதான் நடப்பாள்.

"இத்தன வருசத்துல தல நிமிந்து அவ ஒரு வார்த்த பேசி நான் பாத்ததில்ல. அடக்கமுன்னா அவதேன் அடக்கம்" என்றார் ஈஸ்வரபாண்டி. நிமிர்ந்தால் கம்பி மண்டையில் குத்தும் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை.

நியாயமாகப் பார்த்தால் நின்றிருக்க வேண்டியவள் மதலேனாள். ராயப்பன்பட்டியில் பிறந்து இந்தக் காலனிக்கு வாக்கப்பட்டவள். அவள் சண்டை போட்டால் பாளையம் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும் என்பார்கள். ஆனால் மாதா கோயிலுக்குப் போகிறவளுக்கு ஒதுக்கீடு கிடையாது என்று சட்டம் சொல்கிறது. குடியிருப்பது அதே காலனி, பிடிப்பது அதே குழாய்த் தண்ணீர், ஊர்க்காரர்களுக்குக் கண்ணாடி டம்ளர் கொடுக்கும் டீக்கடையில் கிடைப்பது அதே பேப்பர் டம்ளர்.

"ஞானஸ்நானம் எங்களுக்குத்தேன் ஆச்சு சோண. எங்க மேல கெடக்குற தீட்டுக்கு இன்னும் ஆகலையாம்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சோணையம்மாளுக்காகத் தெருத்தெருவாகப் போய் அவள்தான் ஓட்டுக் கேட்டாள்.

சோணையம்மாள் தலைவரானாள். செயலர் சுரேஷ்கண்ணன் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் வெள்ளென எழுந்து, தூக்குவாளியில் பழைய சோறும் மொச்சைக் குழம்பும் எடுத்துக்கொண்டு பழம் பறிக்கப் போனாள். இப்படியே மூன்று வருசம் ஓடியது. பெரிய மனிதர்கள் ஈஸ்வரபாண்டியின் மூளையை மெச்சிக்கொண்டார்கள்.

அப்புறம்தான் அந்த ஆடி மாதம் வந்தது.

காலனியின் மேட்டில் ஒரு மேல்நிலைத் தொட்டி இருக்கிறது. லோயர் கேம்ப் பக்கமிருந்து வருகிற ஆற்றுத் தண்ணீர் அதில் ஏறும். நல்ல தண்ணீர். தோட்டங்களில் இருக்கும் போர்த் தண்ணீர் உப்பு. அதில் கொடிக்கு அடிக்கிற மருந்தைக் கலந்தால் திரிந்துபோகும், தெளிக்கிற நாசில் அடைத்துக்கொள்ளும். அதனால் காலனித் தொட்டியின் தூணில், காலனிக்கு இறங்கும் பைப்பிலேயே ஒரு கிளை பிரித்து, கேட்வால்வு வைத்து, மருந்தடிக்கத் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்கள். காலனிக்காரர்கள் தொடக்கூடாது என்று அந்த வால்வை எட்டாத உயரத்தில் வைத்திருந்தார்கள். காலனித் தொட்டியில் காலனிக்கு எட்டாத வால்வு! டிராக்டர் மட்கார்டில் ஏறி நின்றுதான் அதைத் திறக்க முடியும். தினமும் ஏறித் திறந்தவன் சின்னக்கருப்பு. ஈஸ்வரபாண்டி தோட்டத்தில் மருந்தடிக்கிறவன், சோணையம்மாளின் புருசன்.

அன்று காலை டிராக்டரில் இருந்த டிரம்மில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, வால்விலிருந்து வரும் ஓசுக் குழாயை அதற்குள்ளேயே முக்கிப் போட்டிருந்தான். தொட்டியில் தண்ணீர் தீர்ந்துவிட்டது. கீழே காலனியில் குழாய்களெல்லாம் திறந்து கிடந்தன. அந்த இழுப்பில் டிரம்மிலிருந்த மருந்து ஓசு வழியே திரும்பி ஏறி, காலனிக் குழாய்களுக்கு இறங்கியது. பெண்கள் வைத்திருந்த குடத்தில் நீலமாகத் தண்ணீர் விழுந்தது.

"என்னடி இது, சொட்டு நீலம் போட்ட மாதிரி வருது?" என்று ஒருத்தி கேட்டு முடிப்பதற்குள் மதலேனாளின் இளைய மகள் அருள்செல்வி வாந்தியெடுத்தாள். பள்ளிக்கூடம் போகிற அவசரத்தில், நீலம் நன்றாக ஏறுவதற்கு முன்னால் பிடித்த தண்ணீரை அரைச் சொம்பு குடித்திருக்கிறாள். இன்னும் நாலைந்து பிள்ளைகளும் குடித்திருந்தார்கள். ஆட்டோவில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். பிள்ளைகள் பிழைத்துத் திரும்பி வந்தார்கள். மதலேனாள் மட்டும் திரும்பி வந்த பிறகு ஒரு வாரம் யாரோடும் பேசவில்லை. அவள் பேசாமல் இருந்ததுதான் காலனிக்குப் பயமாக இருந்தது.

பிள்ளைகள் வீடு திரும்பிய ஆறாம் நாள் சாயங்காலம் சோணையம்மாள் அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருந்தாள். சின்னக்கருப்பு வாசலில் உட்கார்ந்து நகத்துக்குள் ஏறியிருந்த நீலத்தைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தான். அது போகாது. அவன் நகம் எப்போதுமே அந்த நிறம்தான்.

"மொதலாளி பேசி முடிச்சிட்டாக. ஆசுபத்திரிச் செலவெல்லாம் குடுத்துட்டாக. நீ இதுல எறங்காத" என்றான்.

"யாரோட பேசி முடிச்சாக?"

"ஊர்ல."

"ஊருன்னா யாருய்யா? வாந்தியெடுத்த புள்ளைக அந்த ஊர்ல இல்லையா? நான் தலைவரு. என்னோட பேசலையே."

"பெருசா தலைவரு! நாளைக்கே வேலைக்கு வராதன்னு சொன்னா எங்கன போவ? ஏலக்காய் பறிக்க ஜீப்புல மலையேறுவியா? ஒன் முதுகுக்கு அது ஆகுமா?"

அவள் கருவாட்டைப் புரட்டினாள். சின்னக்கருப்பு கையிலிருந்த குச்சியை எறிந்தான்.

"எனக்கு மட்டும் இல்லையாக்கும்? ஓசப் போட்டது நாந்தேன். அந்தப் புள்ள என்னய மாமாம்பா. அது மூஞ்சியப் பாக்க முடியாம அஞ்சாறு நாளாச் சுத்திக்கிட்டு முள்ளுக்காட்டு வழியா வீட்டுக்கு வாரேன். தெரியுமா ஒனக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஒண்ணும் கேக்கல நீ."

சோணையம்மாள் சட்டியை இறக்கி வைத்துவிட்டு வந்து அவன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ஒன்னய என்ன கேக்க? அவுக சொன்னாக, நீ ஓசப் போட்ட. அவுக சொன்னாக, நான் கையெழுத்துப் போட்டேன். இந்த வீட்டுல நாலு கை இருக்கு, நாலும் அவுக கை. நம்ம கை எங்கய்யா?"

சின்னக்கருப்பு தன் கையைப் பார்த்தான். பிறகு எழுந்து தட்டை எடுத்து வைத்தான். அன்று இருவருமே சரியாகச் சாப்பிடவில்லை. கருவாடு முழுவதும் பக்கத்து வீட்டுப் பூனைக்குப் போயிற்று.

மறுநாள் அவள் ஊராட்சி ஆபீசுக்குப் போய், ஆகஸ்ட் பதினைந்து கிராமசபையைக் காலனித் தொட்டியடியில் வைக்கும்படி சொன்னாள். சுரேஷ்கண்ணன் சிரித்துவிட்டான்.

"என்ன தலைவரம்மா, வழக்கமா மொதலாளி பழச் செட்டுக் கொட்டகையிலதான வைப்போம்? நெழலு இருக்கு, சேர் இருக்கு, டீ வரும்."

"எங்க ஆளுக செட்டுக்குள்ள வந்து உக்காந்து நீ பாத்திருக்கியா தம்பி? வேலிக்கு அங்கிட்டு நிப்பாக. நீ கையெழுத்து வாங்கிட்டுப் போன்னு சொல்லுவ. ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு எடத்துல வைக்கணுமின்னு தேனிக்குப் பயிற்சிக்குப் போனப்ப சொன்னாக. இந்தத் தடவ எங்க எடம். தொட்டியில இருக்க அந்த வால்வப் பத்தித் தீர்மானம். நோட்டீசுல அதையும் போடு."

நோட்டீசின் மை காய்வதற்குள் விசயம் ஈஸ்வரபாண்டிக்குப் போய்விட்டது. அவர் கோபப்படவில்லை. பழச் செட்டுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். சோணையம்மாள் வந்து, வழக்கம்போல முதுகு வளைய நின்றாள்.

"ஏத்தா சோண, பதினஞ்சாந்தேதி நம்ம தோட்டத்துல பறிப்பு. ஓணத்துக்கு லோடு போகுது, கேரளாவுல இருந்து லாரி வருது. காலனி ஆளு பூராம் வரணும். வராதவுகளுக்கு அப்புறம் கவாத்தும் இல்ல, கொடிகட்டும் இல்ல. போய்ச் சொல்லிரு."

"சொல்லிர்றேன் மொதலாளி."

"கூட்டத்துக்கு நூறு பேரு இருந்தாத்தேன் செல்லும். தெரியும்ல? ஆளு இல்லாம தொட்டிக்கும் தூணுக்குமா தீர்மானம் வாசிப்ப?"

"ஆளு வருவாக மொதலாளி. பறிப்புக்கும் வருவாக."

ஈஸ்வரபாண்டி அதைப் பணிவு என்றே எடுத்துக்கொண்டார். நாயைக் குளிப்பாட்டி நடுவீட்டில் வைத்தாலும் என்று பக்கத்திலிருந்தவரிடம் பழமொழியைப் பாதி சொல்லிச் சிரித்தார். மீதியை அவள் போன பிறகு சொன்னார். இந்த மரியாதையிலெல்லாம் நம் ஊர்க்காரர்கள் குறை வைக்க மாட்டார்கள்.

காலனியில் அன்று சாயங்காலம் பெண்கள் குழாயடியில் கூடினார்கள். பாதிப் பேருக்கு மனசில்லை.

"பிள்ளைக பொழச்சிருச்சில்ல? விடுவோமே ஆத்தா. வேல போச்சுன்னா வட்டிக்காரனுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள் பாண்டீஸ்வரி.

ஒரு வாரமாகப் பேசாத மதலேனாள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"பழம் தானா எறங்கி நடந்துபோயி லாரியில ஏறிக்கிருமாடி? அவுகளுக்கு நாம வேணும். நமக்கு வேல வேணும். ரெண்டு பக்கமும் வேணுங்கிறப்ப நாம மட்டும் எதுக்குக் கும்பிட்டுக்கிட்டே இருக்கணும்? எம்புள்ள நீலமா கக்குச்சு. ஒன் புள்ள கக்குனப்பறம்தேன் ஒனக்கு ஒறைக்குமா?"

"அதுக்கில்லக்கா..."

"யாரும் வேலைய விடவேணாம்" என்றாள் சோணையம்மாள். "வெள்ளென போவோம், பறிப்போம். வெயிலேறுனா பழம் வாடிரும், எப்பயும் பத்தரைக்கு மேல பறிக்க மாட்டோமே. அன்னைக்கும் பத்தரைக்குக் கத்திரிய வப்போம். பதினோரு மணிக்குக் கூட்டம். அம்புட்டுத்தேன்."

பதினைந்தாம் தேதி விடியும்போதே காற்று பேயாக அடித்தது. சுருளி மலை மேல் மேகம் திரண்டு கிடந்தது. அதைப் பார்த்துப் பார்த்து ஈஸ்வரபாண்டி எல்லாரையும் விரட்டினார். மழை விழுந்தால் பழுத்த பழம் வெடித்துவிடும், வெடித்த பழத்தை எந்த வியாபாரியும் எடுக்க மாட்டான். பெண்கள் கொத்துக் கொத்தாக வெட்டி, அழுகலைக் கிள்ளி எறிந்து, டிரேயில் அடுக்கினார்கள். சோணையம்மாளும் குனிந்தபடி பறித்துக்கொண்டிருந்தாள். சின்னக்கருப்பு டிரேக்களை டிராக்டரில் ஏற்றி லாரிக்குக் கொண்டுபோனான். பெண்டாட்டி பக்கம் அவன் திரும்பவே இல்லை.

பத்தரை ஆயிற்று. பந்தலில் பாதி இன்னும் அப்படியே தொங்கியது. "இன்னைக்கு மேகம் போட்டிருக்கு, வெயில் இல்ல. ஒரு மணி வரைக்கும் பறிக்கணும்" என்று கங்காணி பொன்னுராஜ் சத்தம் கொடுத்தான்.

சோணையம்மாள் கத்திரியைத் துடைத்து டிரேயில் வைத்தாள். மதலேனாள் வைத்தாள். பக்கத்துக் கொடி வரிசையில் கத்திரி டங்கென்று விழும் சத்தம் கேட்டது, அப்புறம் அதற்கு அடுத்த வரிசையில். பாண்டீஸ்வரி ரெண்டு கொத்து சேர்த்து வெட்டிவிட்டு, பெருமூச்சோடு தன்னுடையதையும் வைத்தாள். பெண்கள் பந்தலை விட்டு வெளியே வந்தார்கள்.

லாரி டிரைவர் மலையாளி, ஒன்றும் புரியாமல் கேட்டான். "எந்தா சேச்சி, இன்னு லீவாணோ?"

"லீவு இல்ல சேட்டா, சபை" என்றாள் மதலேனாள்.

தொட்டியடியில், கூட்டத்தைக் கண்காணிக்க ஒன்றியத்திலிருந்து பற்றாளராக வந்த அம்மாள் ஒரு பிளாஸ்டிக் சேரில் உட்கார்ந்திருந்தார். சுரேஷ்கண்ணன் பதிவேட்டோடு அலைந்துகொண்டிருந்தான். காலனி மொத்தமும் வந்துவிடவில்லை. சிலர் மலைக்கு ஜீப் ஏறிவிட்டார்கள், சிலர் பயந்து வீட்டுக்குள்ளேயே இருந்துகொண்டார்கள். வந்தவர்கள் ஒவ்வொருவராகக் கையெழுத்துப் போட்டு முடித்ததும் சுரேஷ்கண்ணன் எண்ணிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"ரெண்டு ஆள் கொறையுது தலைவரம்மா. கூட்டம் செல்லாது. தள்ளி வச்சிரலாமா?"

இத்தனை தைரியத்தைத் திரட்டிக்கொண்டு வந்து கடைசியில் ரெண்டு ஆளில் தோற்பதா என்று மதலேனாளுக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரு வீட்டுக் கதவைப் போய்த் தட்டலாம் என்று அவள் எழுந்தபோதுதான் டிராக்டர் சத்தம் கேட்டது.

சின்னக்கருப்பு ஓட்ட, மட்கார்டைப் பிடித்தபடி ஈஸ்வரபாண்டி வந்து இறங்கினார். வேட்டியைத் தூக்கிக் கட்டியிருந்தார். இத்தனை வருசத்தில் அவர் காலனிக்குள் கால் வைத்தது ஓட்டுக் கேட்க வந்த அன்று மட்டும்தான்.

"லாரிய நிப்பாட்டி வச்சிட்டு இங்கன என்ன கூத்து? எந்திரிங்க எல்லாரும்! எந்திரிங்கன்னா!"

யாரும் எழவில்லை. அதுதான் அவரை மேலும் கிளப்பிவிட்டது. பற்றாளர் பக்கம் திரும்பினார்.

"இந்தாங்கம்மா, நான் துணைத்தலைவரு. இந்த வால்வுத் தீர்மானத்த நான் ஒத்துக்க மாட்டேன். விவசாயிக வயித்துல அடிக்கிற காரியம். என் ஆட்சேபணைய எழுதுங்க. இப்பவே எழுதணும்."

"தாராளமா எழுதலாம் சார். கூட்டத்துக்கு வந்ததா மொதல்ல கையெழுத்துப் போடுங்க. அப்பத்தான் உங்க ஆட்சேபணை பதிவாகும்."

சுரேஷ்கண்ணன் பதறிப்போய்ப் பதிவேட்டை முதுகுக்குப் பின்னால் ஒளித்தான். "மொதலாளி, வேணாம்..." என்று கண்ணைக் காட்டினான். ஈஸ்வரபாண்டி அவன் கையிலிருந்து பிடுங்கினார்.

"நீ யாருடா வேணாம்ங்கிறது? எனக்கு எவன்ட்ட என்ன பயம்?" என்று, தாள் கிழிகிற அளவுக்கு அழுத்திப் போட்டார்.

மதலேனாளுக்குத்தான் முதலில் உறைத்தது. முந்தானையை வாயில் பொத்திக்கொண்டாள். "இன்னும் ஒண்ணு" என்று யாரோ முணுமுணுத்தார்கள். எல்லார் கண்ணும் டிராக்டருக்குப் போயிற்று.

சின்னக்கருப்பு ஸ்டீரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான். இஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சோணையம்மாள் அவனைக் கூப்பிடவில்லை. அருள்செல்வி அம்மாவின் பக்கத்தில் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவன் இஞ்சினை அணைத்தான்.

"ஏலே, நீ எங்கன எறங்குற? வண்டிய எடு" என்றார் ஈஸ்வரபாண்டி.

"இருங்க மொதலாளி." இறங்கி வந்து, நீலமேறிய நகத்தோடு பேனாவைப் பிடித்துத் தன் பெயரை முழுசாக எழுதினான். பிறகு பற்றாளரைப் பார்த்தான். "அம்மா, இதயும் எழுதிக்கங்க. அன்னைக்கு ஓசப் போட்டது நாந்தேன். மருந்து டிரம்முக்குள்ள கெடந்துச்சு. அந்த வால்வு வழியாத்தேன் இந்தப் புள்ளைக வாய்க்குப் போச்சு. ஓசப் போடச் சொன்னது மொதலாளிதேன். எங்க கேட்டாலும் வந்து சொல்லுவேன்."

அருள்செல்வி, "மாமா, இங்கன உக்காருங்க" என்று தள்ளி இடம் கொடுத்தாள். அவன் அங்கே உட்கார்ந்து துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதான்.

தீர்மானம் வாசிக்கப்பட்டது. தொட்டித் தண்ணீர் குடிக்க மட்டும், தூணில் இருக்கும் தோட்ட இணைப்பைத் துண்டிக்க வேண்டும். ஆதரிப்பவர்களைக் கை தூக்கச் சொன்னார்கள். தூக்காத கை ஒன்றே ஒன்று. அதுவும் முறைப்படி பதிவாயிற்று, கேட்டவர் கேட்டபடியே.

"தீர்மானம் போட்டா ஆச்சா? பைப்ப எடுக்க ஆளு வரணும், பில்லுல நான் கையெழுத்துப் போடணும். அதுக்குள்ள ஆறு மாசம் ஓடிரும். அதுவரைக்கும் தண்ணி ஓடத்தேன் செய்யும்" என்றார் ஈஸ்வரபாண்டி. தொட்டியில் அப்போதும் அந்த வால்வு லேசாகத் திறந்தே இருந்தது. ஓசு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

சோணையம்மாள் தூணடிக்கு நடந்தாள். யாரோ ஸ்டூல் எடுக்க ஓடினார்கள். அவள் வேண்டாம் என்று கையைக் காட்டினாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதுகை நிமிர்த்தினாள். எலும்பு சொடக்கெடுத்த சத்தம் பக்கத்தில் இருந்தவர்களுக்குக் கேட்டது. கையை மேலே நீட்டினாள். வால்வு எட்டியது. இறுகிப்போன சக்கரத்தைத் திருகித் திருகி, சொட்டு நிற்கும் வரை மூடினாள். கையை இறக்கிவிட்டு, அதே நிமிர்வோடு திரும்பி ஈஸ்வரபாண்டிக்கு நேராக நின்றாள்.

அவர் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது.

"இனி தெறக்கணுமின்னா கூட்டத்துல கேட்டுட்டுத் தெறங்க" என்றாள்.

அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சரியாக அந்த நேரத்தில் முகத்தில் ஒரு தூறல் விழுந்தது. வானத்தைப் பார்த்தார். அப்புறம் பந்தலில் தொங்கும் பழம் ஞாபகம் வந்திருக்க வேண்டும், நடந்தே தோட்டத்துக்குப் போனார். டிராக்டர் அங்கேயே நின்றது.

சாயங்காலம் சாரல் கொஞ்சம் விட்டதும் பொன்னுராஜ் குடையோடு குழாயடிக்கு வந்தான். காலையில் போட்ட சத்தமெல்லாம் எங்கேயோ போயிருந்தது.

"அக்கா, லாரிய நாளைக்கு வரைக்கும் நிப்பாட்டி வச்சிருக்காக. பெருமழை வாரதுக்குள்ள மிச்சத்தப் பறிச்சிரணுமாம். பக்கத்து ஊர்ல கேட்டோம், ஆளு இல்லைங்கிறாக. எல்லாரும் வெள்ளென வந்துருவீகளாம். நடந்தத மனசுல வச்சுக்கிறமாட்டாகளாம்."

"அவுக மனசுல வச்சுக்கிறட்டும், நல்லது" என்றாள் மதலேனாள். "நாங்க வச்சுக்கிறத்தேன் போறோம்."

சோணையம்மாள் குடத்தைக் கழுவிக் குழாயடியில் வைத்தாள். தண்ணீர் தெளிவாக விழுந்தது. ஒரு கை அள்ளிக் குடித்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தாள்.

"வாரோம்னு சொல்லு. மருந்துக்கு நல்ல தண்ணிய வெலைக்கு வாங்கிக்கிறச் சொல்லு. அப்புறம் இன்னொண்ணு பொன்னுராஜு."

"சொல்லுக்கா."

"இந்தப் பறிப்பு முடியவும் பந்தல ஒரு முழம் ஒசத்திக் கட்டச் சொல்லு. அடுத்த கவாத்துக்கு நான் குனிஞ்சு வரமாட்டேன்."